பழைய சர்வரில் ஓடியது, புதியதில் ஏன் ஓடவில்லை?

“தம்பி, பழைய இடத்துல நல்லாத்தானே ஓடிச்சு?”

புதுச்சேரி ஒயிட் டவுனில் எட்டு அறைகளோடு கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஓர் அக்கா போனில் கேட்டது இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம். அன்று மதியம்தான் அவருடைய அறைப் பதிவுத் தளத்தை பலரோடு பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து, நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய தனி விபிஎஸ் சர்வருக்கு மாற்றி முடித்திருந்தேன். புரோகிராமில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. இருந்தும் தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் 500 என்ற எண் மட்டும் நின்றது.

இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் அக்காவின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பழைய இடத்தில் நன்றாக ஓடியது என்றால், அங்கே ஏதோ ஒன்று அதை ஓட வைத்துக்கொண்டிருந்தது. அது என்னவென்று யாரும் எழுதி வைக்கவில்லை. புதிய இடத்தில் அது இல்லை. சர்வர் மாற்றியதும் வரும் எரர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வீடு மாறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரம்தான். அதே கடல், அதே வெயில், அதே பேச்சு. ஆனால் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் அரசாங்கம் வேறு. டிஎன் 31 என்று ஓடிய வண்டிக்கு பிஒய் 01 பலகை வாங்க அலைய வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்த கரண்ட் பில் மாதாமாதம் வரும். வீட்டுச் சாமான் ஒன்றுகூட மாறவில்லை, சுற்றியிருக்கும் ஏற்பாடுதான் மாறியது. புரோகிராமுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு: புரோகிராம் எழுதிய மொழியான பிஎச்பி எந்தப் பதிப்பு, ஃபைல்கள் யார் பெயரில் இருக்கின்றன, டேட்டாபேஸ் எழுத்துகளை எப்படிச் சேமிக்கிறது, கடிகாரம் எந்த ஊர் நேரம் காட்டுகிறது, மெயில் எந்த வழியாக வெளியே போகிறது. பழைய ஹோஸ்டிங்கில் இதையெல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். விபிஎஸ் வாங்கிய நாளிலிருந்து அது நம் பொறுப்பு.

முதலில் லாக்

எரர் வந்ததும் கை பரபரக்கும். இதை மாற்று, அதை மாற்று, சர்வரை ரீஸ்டார்ட் செய் என்று ஒரே மூச்சில் நாலைந்து வேலை செய்துவிடுவோம். ஒன்று சரியாகும், இன்னொன்று கெடும், எது எதனால் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் வேலை, எதையும் தொடாமல், சர்வர் நடந்ததை எழுதி வைக்கும் லாகைத் திறப்பது.

பிரவுசரில் தெரியும் 500, ‘உள்ளே ஏதோ கோளாறு’ என்று வெளியாளுக்குச் சொல்லும் சேதி. காரணம் சர்வருக்குள் லாக் ஃபைலில் முழு வாக்கியமாக எழுதப்பட்டிருக்கும். உபுண்டு என்ற வகை லினக்ஸ் ஓடும் சர்வரில் ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில், பக்கங்களைப் பரிமாறும் மென்பொருளான அப்பாச்சிக்கோ என்ஜின்எக்ஸுக்கோ தனி இடம், அதற்குள் எரர் லாக். லாராவெல் போன்ற ஃப்ரேம்வொர்க்கில், அதாவது தயார் அடித்தளத்தில், எழுதிய தளமாக இருந்தால், அது தன் ஸ்டோரேஜ் ஃபோல்டரில் இன்னொரு லாக் வைத்திருக்கும். டெர்மினலில் ‘டெயில்’ கட்டளையை ‘எஃப்’ குறியோடு ஓடவிட்டு, பிரவுசரில் பக்கத்தை ஒரே ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். அந்த நொடியில் புதிதாக வந்து விழும் வரிதான் உங்கள் எரர்.

ஓர் எரருக்கு நாற்பது, ஐம்பது வரி வந்து கொட்டும். மிரள வேண்டாம். கடைசிப் பதிவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அதன் முதல் வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கீழே 0, 1, 2 என்று எண் போட்டு நீள்வதெல்லாம் புரோகிராம் எந்த வழியாகப் போய் விழுந்தது என்ற தடம். முதல் வரி புரியாதபோது மட்டும் அங்கே போனால் போதும்.

அன்று எனக்கு லாராவெல் லாக் காலியாக இருந்தது. காலியாக இருந்ததே ஒரு துப்பு. என்ஜின்எக்ஸ் லாகுக்குப் போனேன். அங்கே இருந்தது: லாராவெல்லின் லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லை, ‘பெர்மிஷன் டினைட்’. அதாவது, தனக்கு வந்த கஷ்டத்தை எழுதி வைக்கக்கூட அந்தப் புரோகிராமுக்கு அனுமதி இல்லை.

ஏன் அப்படி? பழைய ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஃபைல்களும் நம் கணக்கின் பெயரில், பிஎச்பி ஓடுவதும் அதே பெயரில். தன் வீட்டு அலமாரியைத் தானே திறப்பது போல. புதிய உபுண்டுவில் பிஎச்பி ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற தனிப் பெயரில் ஓடுகிறது. நானோ ஃபைல்களை, எல்லா அதிகாரமும் உள்ள ‘ரூட்’ ஆக இருந்து நகல் எடுத்திருந்தேன். எல்லாமே ரூட்டின் சொத்தாகிவிட்டது. பிஎச்பியால் படிக்க முடியும், எழுத முடியாது. புரோகிராம் எழுத வேண்டிய ஸ்டோரேஜ், கேச் ஆகிய இரண்டு ஃபோல்டர்களின் உரிமையை மட்டும் ‘சௌன்’ கட்டளையால் மாற்றினேன். தளம் எழுந்துவிட்டது.

இந்த இடத்தில் பலர் 777 என்று அனுமதி கொடுத்துவிடுவார்கள். எரர் உடனே போய்விடும், அதனால்தான் அது ஆபத்து. 777 என்றால் அந்த சர்வரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஓட்டலாம் என்று கதவைத் திறந்து வைப்பது. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 (இரண்டிலும் உரிமையாளர் மட்டும் எழுதலாம்), எழுத வேண்டிய இடத்துக்கு மட்டும் சரியான உரிமையாளர். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இன்னொன்று. பக்கம் வெறும் வெள்ளையாக வந்தால், எரர்களைத் திரையில் காட்டும் அமைப்பை இயக்கிவிடுங்கள் என்று சொல்வார்கள். மக்கள் வந்து போகும் தளத்தில் அதைச் செய்யாதீர்கள். டேட்டாபேஸ் பெயர், சில நேரம் பாஸ்வேர்டுகூட, வருகிறவர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். லாகில் எழுதச் சொன்னால் போதும்.

எண் எந்த இடத்தைக் காட்டுகிறது

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஆர்டர் எடுப்பவர் என்ஜின்எக்ஸ். உள்ளே சமையல்கட்டு பிஎச்பி. அதற்கும் பின்னால் மளிகை வைத்திருக்கும் அறை டேட்டாபேஸ். 502 வந்தால் ஆர்டர் எடுப்பவர் இருக்கிறார், சமையல்கட்டிலிருந்து சரியான பதில் இல்லை. பிஎச்பி ஓடவே இல்லையா, அல்லது என்ஜின்எக்ஸ் பழைய பதிப்பு பிஎச்பியின் வாசலைத் தட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய சர்வரில் பதிப்பு மாறியிருந்தால் அந்த வாசலின் பெயரும் மாறியிருக்கும். 504 என்றால் சமையல்கட்டு திறந்திருக்கிறது, ஆனால் பண்டம் வரவில்லை. என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடும். பெரும்பாலும் டேட்டாபேஸில் ஒரு கேள்வி சிக்கிக் கிடக்கும். 413 என்றால் நீங்கள் ஏற்றும் ஃபைல் பெரியது. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி, இன்றைய செல்போன் போட்டோ ஒன்றுக்கே அது போதாது.

முதல் பக்கம் வருகிறது, உள்ளே எதைத் தொட்டாலும் ‘பக்கம் இல்லை’ என்ற 404 என்றால் அது தனிக் கதை. ஃபைல்கள் தொலையவில்லை. ‘அறைகள்’ என்ற முகவரியைப் புரோகிராமுக்குத் திருப்பிவிடும் விதி வேலை செய்யவில்லை. அப்பாச்சியில் அந்த விதி ‘எச்டிஅக்சஸ்’ என்ற ஃபைலில் இருக்கும். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் லினக்ஸ் அதை மறைத்து வைக்கும். நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக நகலெடுத்தால் அது வராது. பாஸ்வேர்டுகள் இருக்கும் ‘என்வ்’ ஃபைலுக்கும் இதே கதிதான். ஃபைல் வந்து சேர்ந்திருந்தாலும், உபுண்டுவின் அப்பாச்சி அதை மதிக்க வேண்டாம் என்ற அமைப்போடுதான் வருகிறது. ‘அலவ்ஓவர்ரைடு’ என்ற இடத்தில் ‘நன்’ என்பதை ‘ஆல்’ ஆக்கி, ரீரைட் மாட்யூலையும் இயக்க வேண்டும். புதிய இடத்தில் என்ஜின்எக்ஸ் என்றால் அது எச்டிஅக்சஸைத் திறந்துகூடப் பார்க்காது. விதியை அதன் சொந்த அமைப்பில் புதிதாக எழுத வேண்டும்.

விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்களுக்குப் படங்கள் மட்டும் காணாமல் போகும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. நேரு வீதித் துணிக்கடை ஒன்றின் தளத்தில் பாதிப் புடவைகளுக்குப் படமே இல்லாமல் போனது இதனால்தான்.

பத்து வருடத்துக்கு முன் எழுதிய தளம் என்றால் பிஎச்பி பதிப்பையும் பாருங்கள். ‘மைஎஸ்க்யூஎல்’ என்று தொடங்கும் பழைய டேட்டாபேஸ் கட்டளைகளை 2015இல் வந்த பிஎச்பி 7 மொத்தமாக நீக்கிவிட்டது. இதற்கு அமைப்பு மாற்றிப் பயனில்லை, புரோகிராமைத்தான் திருத்த வேண்டும்.

தமிழ் உடைந்து வந்தால்

நம் ஆட்களின் தளங்களில் அடிக்கடி வருவது இது. இதற்குத் தெளிவான விளக்கம் தமிழில் அதிகம் இல்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்கள். தமிழின் எந்தக் குறியை எடுத்தாலும் முதல் எண் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் தமிழ். லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய முறையில் ஒவ்வொன்றாகப் படித்தால் மூன்று அந்நிய எழுத்துகள். 224க்கு அந்த முறையில் என்ன எழுத்து தெரியுமா? தலைமேல் சாய்ந்த கோடு போட்ட பிரெஞ்சு ‘ஆ’. ஒயிட் டவுனின் பிரெஞ்சுப் பலகைகளில் நாம் பார்த்துப் பழகிய அதே எழுத்து. 174க்கு வட்டத்துக்குள் இருக்கும் பதிவு முத்திரை. ஆகவே உங்கள் பக்கத்தில் அந்தக் கோடு போட்ட எழுத்தும் முத்திரையும் மாறி மாறி வந்தால் நிம்மதியாக இருங்கள். தமிழ் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு.

பயப்பட வேண்டியது கேள்விக்குறி வரிசையாக வரும்போது. தமிழை வைத்துக்கொள்ள இடமில்லாத முறைக்கு மாற்றும்போது டேட்டாபேஸ் ஒவ்வொரு குறிக்கும் பதில் ஒரு கேள்விக்குறியைப் போடும். அது திரைக்கு வரும் வழியில் நடந்ததா, சேமிப்பிலேயே நடந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க நான் செய்வதைச் சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ‘லெங்த்’ பைட்டை எண்ணும், ‘கேர்லெங்த்’ குறிகளை எண்ணும். ‘புதுச்சேரி’ என்று சேமித்திருக்கும் ஒரு வரியை எடுங்கள். ப, உகரக் குறி, த, உகரக் குறி, ச, புள்ளி, ச, ஏகாரக் குறி, ர, இகரக் குறி, மொத்தம் 10. சரியாகச் சேமித்திருந்தால் குறி 10, பைட் 30. அப்படி வந்தால் டேட்டாவில் குறையில்லை. புரோகிராம் டேட்டாபேஸோடு பேசும் இணைப்பின் எழுத்து முறையை ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று மாற்றினால் முடிந்தது. குறி 10, பைட்டும் 10 என்று வந்தால் உள்ளே இருப்பது நிஜமான கேள்விக்குறிகள், அவற்றிலிருந்து தமிழை மீட்க முடியாது. பழைய சர்வரிலிருந்து சரியான எழுத்து முறையோடு மறுபடி டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுங்கள். குறியே 30, பைட் 60க்கும் மேல் என்று வந்தால், ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை லத்தீன் என்று நினைத்து இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்கள். இதைத் திரும்ப அவிழ்க்கலாம், ஆனால் நகலில் செய்து பார்த்துவிட்டு அசலைத் தொடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் இருப்பது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்குப் போதும், இமோஜிக்குப் போதாது, அதற்கு நான்கு வேண்டும். அக்காவின் தளத்தில் விருந்தினர் கருத்துகள் சில மட்டும் பதிவாகாமல் போயின. எல்லாவற்றிலும் ஒரு சிரிப்பு முகம் இருந்தது.

எரரே காட்டாத கோளாறுகள்

500, 404 எல்லாம் நேர்மையானவை, தவறு நடந்தால் சொல்லிவிடும். சொல்லாமல் கெடுப்பவைதான் என் தூக்கத்தைக் கெடுத்தவை.

முதலில் நேரம். புதிய சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பகலில் சோதித்தால் எதுவும் தெரியாது. நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை மட்டும் சர்வருக்கு இன்னும் முந்தைய நாள். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்துகொண்டே ஒரு குடும்பம் காலை 4 மணிக்கு ‘இன்று’ என்று அறை போட்டது. சர்வர் அதை நேற்றைய தேதியில் எழுதியது. அவர்கள் பையோடு வாசலில் நிற்க, இன்றைய பட்டியலில் பெயர் இல்லை. அக்கா பெரிய மனசோடு காலி அறை ஒன்றைத் திறந்துவிட்டார். புரோகிராமின் நேர அமைப்பை ‘ஏசியா கொல்கத்தா’ என்று வைத்தால் சரியாகிவிடும். ஆனால் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் சர்வரின் நேரத்தைத்தான் பார்க்கும், அதையும் கணக்கில் எடுங்கள். அந்தக் கிரான் பட்டியல் தளத்தின் ஃபோல்டரில் இருக்காது, தனியாக எடுத்து வர வேண்டும் என்பதும் பலருக்குத் தோன்றாது.

மெயில் போகாமல் இருந்தால், சர்வரிலிருந்து மெயில் வெளியேறும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பாருங்கள். ஸ்பேமைத் தடுக்கப் பல கிளவுட் நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. 587 வழியாக ஒரு மெயில் சேவையில் அனுப்புவது நல்லது. டொமைன் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய சர்வரின் ஐபி, அதாவது எண் விலாசம், இருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் போகும் மெயிலும் ஸ்பேமில் விழும். பணம் வாங்கும் சேவை, எஸ்எம்எஸ் சேவை இரண்டிலும் ‘இந்த ஐபியிலிருந்து வந்தால் மட்டும்’ என்று பூட்டு இருக்கலாம். அங்கே போய்ப் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும்.

இரண்டு சர்வரும் உயிரோடு இருக்கும் நாட்கள்

டொமைனைப் புதிய ஐபிக்குத் திருப்பியதும் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பாது. டொமைன் எந்த ஐபியில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில், அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று டிடிஎல் என்ற ஒரு விநாடிக் கணக்கு உண்டு. 86400 என்று இருந்தால், பழைய விலாசத்தைக் கேட்டு வைத்தவர்கள் ஒரு நாள் முழுக்க அங்கேயே போய்க்கொண்டிருக்கலாம். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோர் வந்துவிடுவார்கள். நடுவில் பழைய தளத்தைப் பராமரிப்பு நிலையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரே அறையைப் பழைய டேட்டாபேஸ் ஒருவருக்கும் புதியது இன்னொருவருக்கும் கொடுத்துவிடும்.

திருப்புவதற்கு முன்பே புதிய சர்வரைச் சோதிக்கவும் வழி உண்டு. உங்கள் கணினியின் ‘ஹோஸ்ட்ஸ்’ ஃபைலில் புதிய ஐபியையும் டொமைனையும் ஒரு வரியாகச் சேர்த்தால், உங்களுக்கு மட்டும் டொமைன் புதிய சர்வரைக் காட்டும். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் இதைச் செய்திருந்தால் 500ஐ நான் மட்டும் பார்த்திருப்பேன், அக்கா பார்த்திருக்க மாட்டார். சோதனை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

பழைய கணக்கை எப்போது மூடுவது? யார் வந்து போனார்கள் என்று பதியும், பழைய சர்வரின் அக்சஸ் லாகை நான் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அக்காவின் தளத்தில் இரண்டு வாரம் ஆன பிறகும் தினமும் காலை ஏழு மணி வாக்கில் ஒரே ஐபியிலிருந்து ஒரு வருகை இருந்தது. தேடுபொறியின் வருகை போலத் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். வரவேற்பறைக் கணினியில் ‘இன்றைய வருகை’ பக்கத்தை, ஹோஸ்டிங் வாங்கிய நாளில் கொடுத்த தற்காலிக முகவரியிலேயே புக்மார்க் செய்து வைத்திருந்தார்கள். பராமரிப்பு அறிவிப்புதான் வருகிறது என்று அங்கிருந்த பெண் ஒவ்வொரு காலையும் அக்காவின் செல்போனை வாங்கிப் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். “சொன்னா உங்களுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன் சார்” என்றார்.

புக்மார்க்கை மாற்றினேன். அடுத்த ஒரு வாரம் லாகில் தேடுபொறிகளைத் தவிர யாரும் இல்லை. கடைசியாக ஒரு பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய கணக்கை மூடிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.